பிடித்து வைக்கும் புரதங்கள்: மார்பகப் புற்றுநோயில் ஐஜிஎஃப்பிபி என்ன செய்கிறது?

வயிற்றிலோ நெஞ்சிலோ பெரிதாக வளர்ந்த சில கட்டிகள் விசித்திரமான தொல்லை ஒன்றைத் தரும். சர்க்கரை நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனாலும் நோயாளியின் இரத்தச் சர்க்கரை மயக்கம் வரும் அளவுக்குச் சரிந்துவிடும். இன்சுலின் கூடிவிட்டதோ என்று பரிசோதித்தால் அது இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். காரணம், கட்டி சுரக்கும் ஐஜிஎஃப்-2 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-2) என்ற புரதத்தின் அரைகுறை வடிவம். அது வழக்கமாகச் சேர வேண்டிய புரதங்களோடு சரியாகச் சேர முடியாமல் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, இன்சுலின் செய்யும் வேலையைத் தானே செய்துவிடுகிறது.

இது அரிய நோய். மார்பகப் புற்றுநோயோடு நேரடித் தொடர்பும் இதற்கு இல்லை. ஆனால் இது ஒரு கேள்வியை எழுப்புகிறது. நம் எல்லோருடைய இரத்தத்திலும் இன்சுலினைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக ஐஜிஎஃப் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதில் ஏறத்தாழ முழுவதும் வேறு புரதங்களால் பிடித்து வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். கட்டுப்படாமல் தனியாகத் திரிவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றே பொதுவாகக் கணிக்கிறார்கள். அப்படிப் பிடித்து வைப்பவைதான் வளர்ச்சிக் காரணிப் பிணைப்புப் புரதங்கள்.

பிணைப்புப் புரதங்கள் வேறு வளர்ச்சிக் காரணிகளுக்கும் உண்டு. டிஜிஎஃப்-பீட்டாவுக்கு உண்டு, எஃப்ஜிஎஃப் குடும்பத்துக்கும் உண்டு. இங்கே ஐஜிஎஃப்பைப் பிடிக்கும் குடும்பத்தை, அதாவது ஐஜிஎஃப்பிபிகளை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்பகப் புற்றுநோயில் அதிகம் ஆராயப்பட்டதும், அதிகம் குழப்பியதும் இதுதான்.

முதலில், ஐஜிஎஃப் என்பது என்ன?

1957இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சால்மன், டாகடே என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் குருத்தெலும்போடு ஒரு சோதனை செய்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக அதன்மேல் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதே ஹார்மோனை எலிக்குக் கொடுத்து, பிறகு அந்த எலியின் சீரத்தை எடுத்து ஊற்றினால் குருத்தெலும்பு சுறுசுறுப்பாகிவிட்டது. அதாவது வளர்ச்சி ஹார்மோன் தானே வேலை செய்யவில்லை, உடலுக்குள் வேறொன்றைத் தயாரிக்கச் சொல்லி அதன் வழியாக வேலை வாங்குகிறது. அந்த வேறொன்றுதான் பின்னாளில் ஐஜிஎஃப்-1 என்று பெயர் பெற்றது. 1978இல் சூரிக்கில் ரிண்டர்க்னெக்ட், ஹம்பல் இருவரும் அதன் அமினோ அமில வரிசையை வெளியிட்டபோது, அது இன்சுலினின் நெருங்கிய உறவு என்பது உறுதியானது. ஐஜிஎஃப்-1இல் 70 அமினோ அமிலங்கள். அதன் சகோதரன் ஐஜிஎஃப்-2இல் 67.

இரத்தத்தில் இருக்கும் ஐஜிஎஃப்-1இன் பெரும்பகுதி கல்லீரலில் உருவாவது. ஆனால் மார்பகம் உட்படப் பல திசுக்கள் தமக்குத் தேவையானதைத் தாமே அக்கம்பக்கத்தில் தயாரித்துக்கொள்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரத்தப் பரிசோதனை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

செல்லின் மேற்பரப்பில் ஐஜிஎஃப்-1 ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. ஐஜிஎஃப் வந்து அதில் அமர்ந்ததும் செல்லுக்குள் இரண்டு பெரிய சமிக்ஞைப் பாதைகள் விழித்துக்கொள்கின்றன. ஒன்று பிஐ3கே–ஏகேடி பாதை, மற்றது ராஸ்–மேப் கைனேஸ் பாதை. பிந்தையது செல்லைப் பிரியத் தூண்டுகிறது. முந்தையது ‘சாகாதே’ என்கிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தச் ‘சாகாதே’தான் அதிக ஆபத்தானது என்பது என் எண்ணம். செல்களை அழிக்க நாம் கொடுக்கும் மருந்துகளும் கதிர்வீச்சும் கடைசியில் அந்தச் செல் தானே செத்துப்போகச் சம்மதிப்பதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆறு பேர்

மனித உடலில் ஐஜிஎஃப்பை இறுகப் பிடிக்கும் புரதங்கள் ஆறு. ஐஜிஎஃப்பிபி-1 முதல் ஐஜிஎஃப்பிபி-6 வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை அமைப்பு: இரு முனைகளிலும் கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்ட இரண்டு பகுதிகள், நடுவில் நெகிழ்வான ஓர் இணைப்பு. இரு முனைகளும் சேர்ந்து ஐஜிஎஃப்பைக் கவ்வுகின்றன. அந்தப் பிடி ஏற்பியின் பிடிக்குச் சமமாகவோ அதைவிட வலுவாகவோ இருக்கும். ஆகவே பிணைப்புப் புரதத்தின் கையில் இருக்கும்வரை ஐஜிஎஃப் ஏற்பியிடம் போய்ச் சேராது. இன்னொரு விஷயம்: இவை இன்சுலினைத் தொடுவதில்லை.

ஆறில் இரத்தத்தில் மிக அதிகம் இருப்பது ஐஜிஎஃப்பிபி-3. இதுவும் ஐஜிஎஃப்பும் சேர்ந்து, ஏஎல்எஸ் என்ற மூன்றாவது புரதத்தையும் கூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கூட்டுத் தொகுதியாகின்றன. இரத்தத்தில் ஓடும் ஐஜிஎஃப்பில் முக்கால் பங்குக்கு மேல் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. (ஐஜிஎஃப்பிபி-5ஆலும் இப்படி மூவர் தொகுதி அமைக்க முடியும், ஆனால் அதன் அளவு குறைவு.) இவ்வளவு பெரிய தொகுதி இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே போக முடியாது. தனியாக விட்டால் பத்து நிமிட அளவிலேயே பாதியாகிவிடும் ஐஜிஎஃப்-1, இந்தத் தொகுதிக்குள் இருந்தால் 12 மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கிறது.

இங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. பிணைப்புப் புரதம் ஐஜிஎஃப்பைத் தடுக்கிறதா, காப்பாற்றுகிறதா? ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது அது வயலுக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிறது. ஆனால் மதகு இல்லாவிட்டால் ஏரியில் தண்ணீரே தங்காது. பிணைப்புப் புரதமும் இப்படி இரண்டையும் ஒரே செயலில் செய்கிறது.

மருத்துவம் இதைப் பயன்படுத்திப் பார்த்தும் இருக்கிறது. ஐஜிஎஃப்-1 குறைபாட்டால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக, ஐஜிஎஃப்-1ஐயும் ஐஜிஎஃப்பிபி-3ஐயும் சேர்த்தே ஊசியாகக் கொடுக்கும் ஒரு மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஜிஎஃப்பிபி-1ஐக் கல்லீரல் சுரக்கிறது. சாப்பிட்டு இன்சுலின் ஏறினால் இது இறங்கும், பட்டினி கிடந்தால் ஏறும். ஐஜிஎஃப்பிபி-2 இரத்தத்தில் இரண்டாமிடம். நான்காவது பெரும்பாலும் தடுப்பதை மட்டுமே செய்யும் நேர்மையான ஆள். ஆறாவதுக்கு ஐஜிஎஃப்-2மீதுதான் பிரியம். ஐந்தாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிடி எப்போது தளர்கிறது?

பூட்டியே வைத்திருந்தால் உடல் வளர்வது எப்படி? அதற்கு நொதிகள் இருக்கின்றன. புரதங்களை வெட்டும் நொதிகள் பிணைப்புப் புரதத்தின் நடுவில் உள்ள நெகிழ்வான இணைப்பைத் துண்டிக்கின்றன. இரு முனைகளும் பிரிந்ததும் பிடி பலவீனமாகி ஐஜிஎஃப் விடுபடுகிறது. பிளாஸ்மின், கதெப்சின்-டி, செல் வெளிச்சட்டத்தை அரிக்கும் மெட்டலோபுரோட்டியேஸ்கள் எனப் பல நொதிகள் இதைச் செய்கின்றன. புராஸ்டேட் பரிசோதனையில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பிஎஸ்ஏகூட ஐஜிஎஃப்பிபி-3ஐ வெட்டும் நொதிதான்.

இவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமானது பாப்-ஏ. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயின் இரத்தத்தில் அளக்கிறார்களே, அதே பாப்-ஏதான். நஞ்சுக்கொடி இதை ஏராளமாகச் சுரக்கிறது. இதன் முக்கிய வேலை ஐஜிஎஃப்பிபி-4ஐ வெட்டுவது. அதிலும் ஒரு நுட்பம்: ஐஜிஎஃப்பைப் பிடித்திருக்கும் ஐஜிஎஃப்பிபி-4ஐத்தான் அது விரும்பி வெட்டும், வெறுங்கையோடு இருப்பதை அவ்வளவாகச் சீண்டாது. சரக்கு இருக்கும் இடத்தில் மட்டும் பூட்டு உடைகிறது. மார்பகக் கட்டிகளிலும் பாப்-ஏ சுரப்பதைக் கண்டிருக்கிறார்கள். குழந்தை பெற்ற பிறகு சில ஆண்டுகளுக்குள் வரும் மார்பகப் புற்றுநோயில் அதன் பங்கு என்ன என்பது இப்போது ஆராயப்படுகிறது.

பிணைப்பு எவ்வளவு முக்கியம் என்று காட்ட எளிமையான ஒரு சான்றும் உண்டு. ஐஜிஎஃப்-1இன் தொடக்கத்திலிருந்து மூன்று அமினோ அமிலங்களை மட்டும் நீக்கினால் பிணைப்புப் புரதங்களால் அதைச் சரியாகப் பிடிக்க முடிவதில்லை; ஏற்பியோ வழக்கம்போல் ஏற்றுக்கொள்கிறது. செல் வளர்ப்பில் இந்தக் குட்டை வடிவம் முழு வடிவத்தைவிடப் பல மடங்கு வீரியமாக வேலை செய்கிறது. இது ஆய்வுக்கூடக் கற்பனை மட்டுமல்ல, மாட்டின் சீம்பாலில் இயற்கையாகவே காணப்படும் வடிவம்.

நோயில்லாத மார்பகத்தில்

புற்றுநோய்க்குப் போவதற்கு முன் இங்கே கொஞ்சம் நின்றாக வேண்டும். மார்பகம் பிறக்கும்போதே முடிந்துவிட்ட உறுப்பு அல்ல. பருவமடையும்போது குழாய்கள் கிளைக்கின்றன, கர்ப்பத்தில் சுரப்பிகள் நிறைகின்றன, பால் கொடுத்து முடித்ததும் அவை அழிந்து சுருங்குகின்றன. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் ஐஜிஎஃப்பும் அதன் காவலர்களும் இருக்கிறார்கள்.

ஐஜிஎஃப்-1 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் மார்பகக் குழாய்கள் வளர்வதில்லை. ஐஜிஎஃப்-1ஐயும் சேர்த்துக் கொடுத்தால் வளர்கின்றன. ஈஸ்ட்ரோஜனைத்தான் மார்பகத்தின் ஹார்மோன் என்று பள்ளியில் படிக்கிறோம். அது தனியாளாக வேலை செய்வதில்லை என்பதை இந்தச் சோதனை காட்டிவிட்டது.

பால் கொடுப்பதை நிறுத்தும்போது நிலைமை தலைகீழாகிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இறங்குகிறது, ஐஜிஎஃப்பிபி-5 பல மடங்கு ஏறுகிறது. அது ஐஜிஎஃப்பைக் கவ்விக்கொள்ள, ‘சாகாதே’ என்ற சமிக்ஞை நின்றுபோகிறது. பால் சுரக்கும் செல்கள் கட்டுப்பாடான முறையில் தாமே மடிகின்றன. மார்பகத்தில் இந்தப் புரதத்தை மிகையாகச் சுரக்குமாறு மாற்றப்பட்ட எலிகளில் சுரப்பித் திசு சரியாக வளராமல், செல் இறப்பு கூடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐஜிஎஃப்பிபி-5க்கு மரபியல் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று வந்தது. பல்லாயிரம் பெண்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், 2ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தில் ஏற்படும் ஒற்றை எழுத்து மாற்றம் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுவதாக 2007இல் தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த இடத்தில் மரபணு எதுவுமே இல்லை. அந்தப் பகுதி தொலைவில் இருக்கும் ஐஜிஎஃப்பிபி-5 மரபணுவை ஏற்றி இறக்கும் ஒரு விசை என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. ஆபத்தைக் கூட்டும் வடிவம் இருந்தால் ஐஜிஎஃப்பிபி-5 உற்பத்தி குறைகிறது. ஒருவருக்கு இதனால் கூடும் ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் பிணைப்புப் புரதம் குறைந்தால் ஆபத்து கூடும் என்று எலியிலும் செல்களிலும் பார்த்தது மனிதரிலும் பொருந்துகிறது என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகள்

மார்பகப் புற்றுநோயில் பெரும்பான்மை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை. இவற்றில் ஈஸ்ட்ரோஜனும் ஐஜிஎஃப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. ஈஸ்ட்ரோஜன், செல்லின் மேற்பரப்பில் ஐஜிஎஃப்-1 ஏற்பியின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அந்த ஏற்பியிலிருந்து செய்தியை உள்ளே கடத்தும் ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தையும் கூட்டுகிறது. பிணைப்புப் புரதங்களை வெட்டக்கூடிய கதெப்சின்-டி நொதியின் சுரப்பையும் ஏற்றிவிடுகிறது. எதிர்த் திசையில், ஐஜிஎஃப்பின் சமிக்ஞை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே தூண்டிவிடவும் முடியும்.

ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகள் இந்தக் கூட்டணியையும் கலைக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் உலகெங்கும் பயன்படும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசையில், ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் ஐஜிஎஃப்பிபி-3, ஐஜிஎஃப்பிபி-5 இரண்டும் ஏறுகின்றன. அப்படிப்பட்ட மருந்தான டாமாக்சிஃபென் எடுக்கும் பெண்களின் இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 குறைகிறது. டாமாக்சிஃபெனின் பலன் முழுவதும் இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மாத்திரை ஒரே கதவை மட்டும் அடைப்பதில்லை.

இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் கதை நேராகத்தான் தெரியும்: ஐஜிஎஃப் கெட்டது, பிணைப்புப் புரதம் நல்லது. 1990களில் பலரும் ஏறத்தாழ அப்படித்தான் நம்பினார்கள். 1995இல், புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற காவல் புரதம் ஐஜிஎஃப்பிபி-3 மரபணுவை முடுக்கிவிடுகிறது என்று தெரியவந்தபோது அந்த நம்பிக்கை இன்னும் வலுத்தது. ஐஜிஎஃப்பிபி-3 ஐஜிஎஃப்பைப் பிடிக்காமலேயே, தனியாகவும் செல்களைச் சாகத் தூண்டும் என்பதற்கும் சான்றுகள் வந்தன.

கட்சி மாறும் ஐஜிஎஃப்பிபி-3

சிக்கல் கட்டிகளிலேயே இருந்தது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த மார்பகக் கட்டிகளில் ஐஜிஎஃப்பிபி-3 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். நல்ல புரதம் என்றால் அது அதிகம் உள்ள கட்டிகள் சாதுவாக இருக்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத, மூர்க்கமான கட்டிகளில்தான் அது அதிகம் இருந்தது. செல் வரிசைகளிலும் இதே கதை. ஏற்பி உள்ள எம்சிஎஃப்-7 செல்கள் பெரும்பாலும் 2, 4, 5 எண் புரதங்களைச் சுரக்கின்றன. ஏற்பி இல்லாத செல் வரிசைகளில் ஐஜிஎஃப்பிபி-3 தூக்கலாக இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று 1998இல் சிட்னியில் ராபர்ட் பாக்ஸ்டரின் குழுவிலிருந்து வந்தது. டி47டி என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்குள் ஐஜிஎஃப்பிபி-3 மரபணுவைப் புகுத்தினார்கள். முதலில் எதிர்பார்த்தபடியே செல்களின் வளர்ச்சி தடைப்பட்டது. ஆனால் அதே செல்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போனபோது அவை அந்தத் தடையைப் பழகிக்கொண்டு வேகம் எடுத்தன. பின்னர் இதே வகைச் செல்களை எலியில் வைத்துப் பார்த்தபோது ஐஜிஎஃப்பிபி-3 சுரக்கும் கட்டிகளே பெரிதாக வளர்ந்தன. புரதம் மாறவில்லை. அதைக் கேட்கும் செல் மாறிவிட்டது.

எப்படி மாறுகிறது என்பதற்கு இப்போது ஓரளவு விடை இருக்கிறது. ஐஜிஎஃப்பிபி-3க்கு ஐஜிஎஃப்பைப் பிடிப்பது மட்டுமே வேலை அல்ல. அது செல்லுக்குள் நுழையும், உட்கருவுக்குள்ளும் போகும், அங்கே மரபணுக்களை இயக்கும் புரதங்களோடு சேரும். டிஎன்ஏ முறிவுகளைச் சரிசெய்யும் புரதக் கூட்டங்களோடும் அதைக் கண்டிருக்கிறார்கள். டிஎன்ஏவை முறித்துச் செல்லைக் கொல்லும் சிகிச்சைகளுக்கு இது நல்ல செய்தி அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈஜிஎஃப் ஏற்பியோடு அதற்குள்ள தொடர்பு. ஈஜிஎஃப் என்பது வேறொரு வளர்ச்சிக் காரணி, ஐஜிஎஃப்புக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் ஐஜிஎஃப்பிபி-3, ஸ்பிங்கோசின் கைனேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி செல்லின் கொழுப்பிலிருந்து ஒரு சமிக்ஞைப் பொருளைத் தயாரிக்கிறது. அந்தப் பொருள் ஈஜிஎஃப் ஏற்பியை மேலும் உசுப்பிவிடுகிறது. ஈஜிஎஃப் ஏற்பி அதிகமாக இருக்கும் செல்லில் இது வளர்ச்சியைத் தூண்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 என்ற வளர்ச்சி ஏற்பி மூன்றும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ கட்டிகளில் பலவும் அப்படிப்பட்டவைதான்.

ஆக, ‘ஐஜிஎஃப்பிபி-3 நல்லதா கெட்டதா?’ என்ற கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது. எந்தச் செல்லில், அதன் மேற்பரப்பில் என்ன ஏற்பிகள் இருக்கும்போது, முழுதாகவா வெட்டுண்டா, வெளியேயா உட்கருவிலா என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். இதைப் படிக்கத் தொடங்குபவர்கள் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றை ஒன்று மறுக்கிறதே என்று சலித்துப்போவது வழக்கம். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும், செல்கள்தான் வேறு.

இரத்தத்தில் அளந்தால் தெரியுமா?

1998இல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நெடுங்கால ஆய்விலிருந்து ஒரு முடிவு வந்து பரபரப்பை ஏற்படுத்தியது. மாதவிடாய் நிற்காத, 50 வயதுக்குட்பட்ட பெண்களில், இரத்தத்தில் ஐஜிஎஃப்-1 அதிகம் இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரைவிட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.58 மடங்கு என்றது கணக்கு. ஐஜிஎஃப்பிபி-3 அளவையும் கணக்கில் சேர்த்தால் 7.28 மடங்கு. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த வயதுப் பிரிவில் நோயுற்ற பெண்களின் எண்ணிக்கை சிறியது, சிறிய எண்ணிக்கையில் மடங்குகள் பெரிதாகத் தெரியும்.

2010இல் 17 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோயுற்ற பெண்கள் மட்டும் 4,790 பேர். இப்போது கிடைத்த எண் 1.28. அதாவது ஐஜிஎஃப்-1 மிக அதிகமுள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக உள்ள ஐந்தில் ஒரு பங்கினரைவிட ஏறத்தாழ 28 சதவீதம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளுக்கு 1.38. ஏற்பி இல்லாத கட்டிகளோடு தொடர்பு தெரியவில்லை. மாதவிடாய் நின்றதா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆபத்து உண்மை, ஆனால் மிதமானது.

ஐஜிஎஃப்பிபி-3 என்னவாயிற்று? அது அதிகம் இருந்தால் பாதுகாப்பு என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஐஜிஎஃப்-1ஐக் கணக்கில் கொண்ட பிறகு ஐஜிஎஃப்பிபி-3க்கும் ஆபத்துக்கும் குறிப்பிடும்படியான தொடர்பே மிஞ்சவில்லை. யோசித்தால் இதில் வியப்பில்லை. வளர்ச்சி ஹார்மோன் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுகிறது, ஆகவே ஒன்று அதிகம் உள்ளவருக்கு மற்றதும் அதிகம் இருக்கும். மேலும் இரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் கல்லீரல் பகுதியிலிருந்து வந்த சேமிப்பு. கட்டிக்குள் யார் எதைச் சுரக்கிறார்கள், எந்த நொதி எதை வெட்டுகிறது என்பதை அந்த எண் காட்டாது.

ஐஜிஎஃப்-1 அறவே குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு பதில் வைத்திருக்கிறது. லாரன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி வேலை செய்யாது, அதனால் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. ஈக்வடாரின் தென்பகுதியில் இவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். 2011இல் வெளியான ஆய்வில், பல ஆண்டுகள் கவனிக்கப்பட்ட 99 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்திருந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. அதே ஊர்களில் வாழ்ந்த சாதாரண உயரமுள்ள உறவினர்களுக்குப் புற்றுநோய் வழக்கமான அளவில் இருந்தது.

எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்பார்கள். இன்சுலின் கூடினால் ஐஜிஎஃப்பிபி-1 இறங்கும் என்று முன்பே சொன்னேன். உடல் பருமனால் இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருப்பவர்களுக்கு ஐஜிஎஃப்பிபி-1 தாழ்ந்தே இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களில் பருமன் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது உறுதியான செய்தி. அதில் பெரிய பங்கு கொழுப்புத் திசு தயாரிக்கும் ஈஸ்ட்ரோஜனுக்குத்தான், இன்சுலின் பாதை கூட வரும் துணை.

மருந்தாக்கும் முயற்சிகள்

ஐஜிஎஃப்-1 ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடிகளைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. 2000களின் பிற்பகுதியில் எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தது. முடிவு ஏமாற்றம். கானிட்டுமாப் என்ற ஆன்டிபாடியை ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2013இல் வெளியானது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீளவில்லை. அதைவிட மோசம், மருந்து பெற்ற குழுவில் உயிர்பிழைப்பு குறைவாக இருந்தது.

ஏன்? ஏற்பியை அடைத்ததும் உடல் ‘ஐஜிஎஃப் போதவில்லை’ என்று நினைத்து வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டுகிறது. அதனால் சர்க்கரையும் இன்சுலினும் ஏறுகின்றன. புற்றுநோய்ச் செல்லில் இன்சுலின் ஏற்பியும் இருக்கிறது, குறிப்பாக ஐஜிஎஃப்-2ஐயும் ஏற்கும் வடிவம். முன்கதவை அடைத்துவிட்டுப் பக்கக் கதவுக்கு ஆள் அனுப்பியது போலாயிற்று.

அடுத்த யோசனை பிணைப்புப் புரதத்தையே பார்த்துச் செய்தது: ஏற்பியை விட்டுவிட்டு ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 இரண்டையும் இரத்தத்திலேயே பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி. இன்சுலினைத் தொடாது என்பதால் சர்க்கரைத் தொல்லையும் குறைவாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். செண்டுசுமாப் அப்படி வந்ததுதான். தொடக்க ஆய்வுகளில், உள்ளுறுப்புகளுக்குப் பரவாத ஹார்மோன் வகைப் புற்றுநோயில் நம்பிக்கை தென்பட்டது. அந்தப் பிரிவினரிடம் மட்டும் தனியாக நடத்திய அடுத்த ஆய்வில் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

இன்னொரு வழி, ஐஜிஎஃப்-1இன் அளவையே இறக்குவது. வைட்டமின்-ஏ வழி வந்த ஃபென்ரெடினைடு இரத்தத்தில் ஐஜிஎஃப்-1ஐக் குறைத்தது. இத்தாலியில், ஒரு மார்பகத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ மூவாயிரம் பெண்களிடம் இதைச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்களில் மட்டும் ஓரளவு பலன் இருக்கலாம் என்ற தடயம் கிடைத்தது.

இவ்வளவு தோல்விகளுக்குப் பிறகும் துறை சோர்ந்துவிடவில்லை. இப்போது அதிகம் பேசப்படுவது ஐஜிஎஃப்பிபி-3 தூண்டிவிடும் பாதையை அடைப்பது. ஈஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் ஜெஃபிடினிப் நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படும் மாத்திரை. ஸ்பிங்கோசின் சமிக்ஞையைக் குலைக்கும் ஃபிங்கோலிமாட் ஒரு நரம்பு நோய்க்கான மாத்திரை. சிட்னிக் குழு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் இருந்த டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளின் வளர்ச்சி மந்தமானது. இரண்டும் ஏற்கெனவே மனிதரிடம் புழக்கத்தில் உள்ளவை என்பதால் ஆவல் கூடுகிறது. ஆனால் இது எலியின் முடிவு. எலியில் அடங்கிய கட்டிகள் பல மனிதரில் அடங்கியதில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் திசு அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2, பல நேரங்களில் செல்கள் பிரியும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 ஆகியவை இருக்கும். ஐஜிஎஃப்பிபி எதுவும் இருக்காது. அது விடுபட்டுப்போனதல்ல. சிகிச்சையை முடிவு செய்ய உதவும் அளவுக்கு அந்த எண்கள் இன்னும் தெளிவடையவில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைக் கண்டறிய ஐஜிஎஃப்பிபி-3 பரிசோதனை ஆய்வகங்களில் கிடைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அதைத் தனியாகக் காசு கொடுத்துச் செய்துகொள்வதால் உங்கள் மருத்துவரின் முடிவில் எதுவும் மாறாது.